நாயைக் காட்டில் கொண்டுபோய் விடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆலை நிர்வாகத்தாருக்கு,

காக்களூர் சிட்கோவிலும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் தேர்வாய் கண்டிகையிலும் ஆலை நடத்தும் உங்களுக்கும், அந்த ஆலைகளில் பணியாளர் நலம், பாதுகாப்பு, கேன்டீன் ஆகியவற்றைக் கவனிக்கும் பொறுப்பாளர்களுக்கும் திருப்பாச்சூரிலிருந்து இந்த மடலை எழுதுகிறேன். வாசலில் நாய்கள் பெருகியிருப்பதை உங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இரவு ஷிப்ட் முடிந்து சைக்கிளில் திரும்புகிறவர் துரத்தப்படுகிறார். விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற பெண் கையில் கல்லோடு நிற்கிறார். புகார் உங்கள் மேஜைக்கு வருகிறது. அப்போதெல்லாம் யாராவது ஒருவர் ஒரு யோசனை சொல்வார்: "அடிக்க வேண்டாம், விஷம் வைக்க வேண்டாம், பாவம். வண்டியில் ஏற்றி எங்காவது காட்டுப் பக்கம் விட்டுவிடலாம். இயற்கையாகப் பிழைத்துக்கொள்ளும்." நம் வட்டாரத்தில் காட்டுக்கும் பஞ்சமில்லை. பூண்டி நீர்த்தேக்கத்தைத் தாண்டினால் குடியம் பக்கத்துக் காடு, வடக்கே போனால் சத்தியவேடும் நாகலாபுரமும். ரத்தம் சிந்தாத யோசனை என்பதால் இரக்கமுள்ளவர்களும் இதற்குத் தலையாட்டிவிடுகிறார்கள். இதை நீங்கள் ஒருபோதும் ஏற்கக்கூடாது என்று கேட்கவே இந்த மடல். ஏன் கூடாது, பதிலாக என்ன செய்யலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பொறுமையோடு கடைசிவரை படியுங்கள்.

இந்த யோசனைக்குள் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. நாய் அடிப்படையில் ஒரு காட்டு விலங்கு, மனிதன் அதைக் கொஞ்ச காலம் கடன் வாங்கி வைத்திருக்கிறான், திருப்பிக் கொடுத்தால் காடு ஏற்றுக்கொள்ளும் என்பதே அது. இதைச் சோதித்துப் பார்க்க நம் நாட்டிலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது. அதன் பெயர் செந்நாய். மனிதனின் ஒரு பருக்கைச் சோறும் இல்லாமல் காட்டிலேயே பிறந்து, காட்டிலேயே வேட்டையாடி, காட்டிலேயே சாகும் நாய்க்குடும்பத்து விலங்கு. முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் ஆனைமலையிலும் களக்காடு முண்டந்துறையிலும் இருக்கிறது. நமக்கு இன்னும் அருகே, திருப்பாச்சூர் வழியாகப் போகும் திருப்பதிச் சாலையின் மறுமுனையில், சேஷாசலம் மலைகளிலும் உண்டு. பழந்தமிழர் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். ஐங்குறுநூற்றுப் பாலைப் பாடல் ஒன்றில், வயவு கொண்ட தன் பெட்டைக்காக ஓர் ஆண் செந்நாய் கள்ளி முளைத்த வறண்ட வழியில் காட்டுப்பன்றியை எதிர்பார்த்துக் காத்திருக்கிறது. பெட்டைக்காக ஆண் இரை தேடுவதைக் கவனித்து எழுதியவர், கதை கேட்டு எழுதியிருக்க முடியாது.

அந்தக் கவனிப்பை அறிவியலாக்கியவரும் ஒரு தமிழர்தான். நாங்குநேரியில் பிறந்து, சிவகாசிக் கல்லூரியில் விலங்கியல் கற்பித்து, பிறகு 1976 முதல் 1978 வரை பந்திப்பூர்க் காட்டில் செந்நாய்களின் பின்னால் நடந்தே திரிந்தவர் ஏ.ஜே.டி. ஜான்சிங். 2024இல் மறைந்தார். செந்நாய் என்றால் மானினத்தை அழிக்கும் கொடூரப் பிராணி என்றே அதுவரை வேட்டைக்காரர்களின் குறிப்புகள் சொல்லிவந்தன. பிரிட்டிஷ் ஆட்சியில் அதைக் கொன்றால் வெகுமதிப் பணம் கொடுத்தார்கள். ஜான்சிங்கும் அவருக்குப் பின் முதுமலை, பந்திப்பூர்ப் பகுதிகளில் ஆராய்ந்தவர்களும் காட்டிய சித்திரம் வேறு. பன்னிரண்டு முதல் இருபது கிலோ எடையுள்ள இந்தச் சிறிய விலங்கு, தன்னைவிடப் பலமடங்கு எடையுள்ள கடமானைக் கூட்டாகச் சேர்ந்து வீழ்த்துகிறது. புலியும் சிறுத்தையும் உலவும் காட்டில் பெரும்பாலும் பகல் வெளிச்சத்தில் வேட்டையாடித் தனக்கென ஓர் இடம் பிடித்திருக்கிறது. அடர்ந்த புதருக்குள் சிதறிப்போனால் சீழ்க்கை போன்ற ஒலியால் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொள்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு கூட்டத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு பெட்டைதான் ஆண்டுக்கு ஒருமுறை குட்டி போடுகிறது. மற்றவை அத்தனையும் அந்தக் குட்டிகளை வளர்க்கின்றன. வேட்டைக்குப் போனவை விழுங்கி வந்த இறைச்சியைக் குகைவாசலில் கக்கிக் கொடுக்கின்றன. தாய்க்கும் கொடுக்கின்றன. குட்டிகளைக் காக்க ஒன்றிரண்டு வேட்டைக்குப் போகாமல் பின்தங்குகின்றன.

இந்த விவரங்களை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. காட்டில் ஒரு நாய் பிழைக்க என்னென்ன தேவை என்பதன் பட்டியல் இது. இரையைத் தொடர்ந்து துரத்தும் கூட்டு வேண்டும். குட்டியை வளர்க்கத் தாயைத் தவிர இன்னும் பத்துப் பேர் வேண்டும். மான் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுக்குத் தன் பிறப்பை அடக்கிக்கொள்ளும் ஒழுங்கு வேண்டும். ஒரு கூட்டம் சுற்றிவரப் பல பத்துச் சதுர கிலோமீட்டர் காடு வேண்டும். இத்தனையும் கைவரப்பெற்ற செந்நாயே இன்று தடுமாறுகிறது. முன்பு வாழ்ந்த நிலப்பரப்பில் முக்கால் பங்குக்கு மேல் அது இழந்துவிட்டது. உலகெங்கும் இனப்பெருக்கம் செய்யும் நிலையில் உள்ளவை 949 முதல் 2,215 வரைதான் இருக்கக்கூடும் என்று 2015இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் மதிப்பிட்டது. இந்தியாவில் புலிக்குக் கிடைத்த பேரும் பணமும் இதற்குக் கிடைக்கவில்லை என்பது தனிச் சோகம். அதை இங்கே விரிக்கவில்லை.

இப்போது உங்கள் ஆலை வாசலில் படுத்திருக்கும் நாயைப் பாருங்கள். அது செந்நாயின் வழித்தோன்றல் அன்று. செந்நாய் தனிப் பேரினம். நம் நாய், இன்று அழிந்துவிட்ட ஏதோ ஓர் ஓநாய்க் கூட்டத்திலிருந்து குறைந்தது பதினைந்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்து மனிதனோடு வந்தது. வந்த வழியில் அதன் உடம்பே மாறிவிட்டது. 2013இல் வெளியான ஒரு மரபணு ஆய்வு, மாவுச்சத்தைச் செரிக்கும் நொதிக்கான மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிகளே இருக்க, நாயிடம் நான்கு முதல் முப்பது வரை இருப்பதைக் காட்டியது. வேளாண்மை செய்யும் மனிதனின் சோற்றையும் ரொட்டியையும் தின்று பிழைக்கத் தகவமைந்த வயிறு அது. காட்டில் இரை தேடும் பழக்கம் அதற்கு இல்லை. உங்கள் கேன்டீனுக்குப் பின்னால் கொட்டப்படும் சாம்பார் சாதத்துக்குத்தான் பழக்கம். அதன் எண்ணிக்கையை மான் தீர்மானிப்பதில்லை, எச்சில் தொட்டி தீர்மானிக்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறைகூடக் குட்டி போடும். எல்லாப் பெட்டைகளும் போடும். குட்டிகளை வளர்க்கக் கூட்டம் கிடையாது. விளைவு என்ன என்பதை மேற்கு வங்கத்தில் தெருநாய்க் குட்டிகளைத் தொடர்ந்து கவனித்து 2016இல் வெளியிடப்பட்ட ஆய்வு சொல்கிறது: நூற்றுக்கு எண்பத்தொரு குட்டிகள் பருவம் எய்துமுன் செத்துவிடுகின்றன, அந்தச் சாவுகளில் பாதிக்கு மேல் மனிதரால் நேர்பவை. தெருநாய் சுதந்திரமாக, இயற்கையாக வாழ்கிறது என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்க்க வேண்டும். மனிதனின் நடுவிலேயே இந்த நிலை என்றால், சோறும் குப்பையும் இல்லாத காப்புக்காட்டில் இறக்கிவிடப்பட்ட நாயின் நிலையைச் சொல்லத் தேவையில்லை. அது பட்டினியால் சாகும். அல்லது அருகிலுள்ள கிராமத்துக்கு வந்து அங்குள்ள ஆட்டுக்குட்டியைக் கடிக்கும். உங்கள் வாசலிலிருந்த தொல்லை ஓர் இருளர் குடியிருப்பின் வாசலுக்குப் போகும். புகார் கொடுக்க அவர்களுக்கு ஒரு மனிதவளத் துறை இல்லை.

"ஆஸ்திரேலியாவின் டிங்கோ நாய் காட்டில் பிழைக்கவில்லையா?" என்று படித்தவர் ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. டிங்கோ, மனிதரோடு கடல் கடந்து ஆஸ்திரேலியா போன வளர்ப்பு நாயின் வழிவந்தது. இன்று அது முழுக் காட்டு விலங்கு. ஆனால் அதற்கு மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. புலியும் சிறுத்தையும் செந்நாயும் இல்லாத ஒரு கண்டம் அதற்குக் கிடைத்தது. அங்கேயே இருந்த, வயிற்றில் பையுடைய தைலசின் என்னும் வேட்டைப் பிராணி டிங்கோ வந்த பிறகு பெருநிலத்திலிருந்து மறைந்துபோனது; அதில் டிங்கோவின் பங்கு எவ்வளவு என்பது இன்னும் வாதிடப்படுகிறது. நாய் காட்டை வென்ற ஒரே பெரிய உதாரணத்துக்குக்கூட இத்தனை ஆயிரம் ஆண்டும் ஒரு காலிக் கண்டமும் தேவைப்பட்டிருக்கின்றன. குடியம் காட்டில் இரண்டும் கிடையாது.

நாய்க்கு நேரும் தீங்கு இது. காட்டுக்கு நேரும் தீங்கு இதைவிடப் பெரிது, அதில்தான் செந்நாய் மறுபடியும் வருகிறது. கேனைன் டிஸ்டெம்பர் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்லும் நாய்க் காய்ச்சல், பார்வோ வைரஸ் வயிற்றுப்போக்கு, வெறிநோய் ஆகிய மூன்றும் வளர்ப்பு நாயிடமிருந்து காட்டு விலங்குக்குத் தாவக்கூடியவை. 1994இல் தான்சானியாவின் செரங்கெட்டியில் டிஸ்டெம்பர் பரவி ஏறத்தாழ ஆயிரம் சிங்கங்கள், அதாவது அங்கிருந்தவற்றில் மூன்றில் ஒரு பங்கு, மடிந்தன. சுற்றுவட்டாரக் கிராம நாய்களிடமிருந்து தொற்று வந்ததாக ஆய்வாளர்கள் கண்டார்கள். 2018இல் குஜராத்தின் கிர் காட்டில் சில வாரங்களுக்குள் 23 சிங்கங்கள் செத்தபோது, பரிசோதிக்கப்பட்டவற்றில் சிலவற்றில் அதே வைரஸ் இருந்தது. உலகிலேயே ஐந்நூறு அளவில் மட்டும் எஞ்சியுள்ள எத்தியோப்பிய ஓநாய்களை மேய்ப்பர்களின் நாய்கள் கொண்டுவந்த வெறிநோய் திரும்பத் திரும்பத் தாக்கியது. 2003இல் அங்கே ஓநாய்களையே பிடித்துத் தடுப்பூசி போட வேண்டியதாயிற்று. மகாராஷ்டிரத்தின் நான்னஜ் சரணாலயத்தைச் சுற்றியுள்ள ஊர்நாய்களின் ரத்தத்தைச் சோதித்தபோது பத்தில் ஒன்பதுக்கும் மேல் டிஸ்டெம்பர், பார்வோ வைரஸ்களைச் சந்தித்தவையாக இருந்தன. செந்நாய்க்கு வரும் ஆபத்துகளின் பட்டியலில் இரை குறைவதும் காடு துண்டாவதும் மேலே இருக்க, வளர்ப்பு நாயிடமிருந்து வரும் நோயும் அதே பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. கூட்டமாக ஒரே குகையில் உறங்கி, ஒரே இறைச்சியைத் தின்று, வாயிலிருந்து வாய்க்கு ஊட்டிக்கொள்ளும் விலங்கு அது. எந்தப் பாசம் அதைக் காட்டில் வாழவைக்கிறதோ அதே பாசத்தின் வழியாக ஒரு வைரஸ் மொத்தக் கூட்டத்தையும் துடைத்துவிடும்.

"நாங்கள் பூண்டியில் விடும் நாய் சேஷாசலத்துக்கு ஓடிப்போகவா போகிறது?" என்று நீங்கள் சிரிக்கலாம். நாய் போகாது, வைரஸ் போகும். ஊர்நாயிடமிருந்து அடுத்த ஊர்நாய்க்கு, அதனிடமிருந்து நரிக்கு, காட்டோரக் கிராமத்தின் ஆடு மேய்க்கும் நாய்க்கு என்று அது படிப்படியாகப் போகும். அதுவும் வேண்டாம், செந்நாயை மறந்துவிடுங்கள். நம் ஏரிக்கரைப் புதர்களில் மிஞ்சியிருக்கும் நரிக்கும் காட்டுப்பூனைக்கும், பழவேற்காட்டுக் கரையில் தரையில் முட்டையிடும் பறவைகளுக்கும் இதே நாய்தான் எமன். இந்தியாவில் நாய்களால் தாக்கப்பட்ட காட்டு உயிரினங்களைத் தொகுத்த ஓர் ஆய்வு எண்பது இனங்களைக் கணக்கிட்டது. அவற்றில் முப்பத்தொன்று அழியும் அபாயத்தில் உள்ளவை. சென்னை ஐஐடி வளாகத்தில் நாய்கள் மான்களைக் கடித்துக் கொன்ற விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனதை நீங்கள் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். வேலி போட்ட, காவலுள்ள, படித்தவர்கள் நிறைந்த ஒரு வளாகத்திலேயே நாயும் மானும் சேர்ந்திருக்க முடியவில்லை.

உங்கள் பக்கத்து வாதத்துக்கு வருகிறேன், அதுவே கனமானது. மனிதப் பாதுகாப்பு. 2024இல் மட்டும் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 4.8 லட்சம் நாய்க்கடிகள் பதிவாயின, 43 பேர் வெறிநோயால் இறந்தார்கள். வெறிநோயின் அறிகுறி தெரிந்த பிறகு மருந்து கிடையாது, சாவு நிச்சயம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து உங்கள் ஆலைகளில் ஒப்பந்தத்தில் வேலை செய்யும் இளைஞர், கடிபட்டால் சம்பளம் போகுமே என்று ஊசிக்குப் போகாமல் மஞ்சள் தடவிக்கொண்டு இருந்துவிட்டால், அந்தச் சாவுக்கு யார் பொறுப்பு? ஆகவே நாய்களைச் சும்மா விட்டுவிடுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. நாய்மேல் இரக்கம் கொண்டவர்கள் சிலர் கடிபட்டவரைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் நழுவுவது எனக்கு உடன்பாடில்லை. தேய்பிறை அஷ்டமிக்குப் பைரவர் வாகனம் என்று பிஸ்கட் வைப்பவர், அந்த நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று கேட்பதில்லை. ஆனால் காட்டில் கொண்டுபோய் விடுவதால் உங்கள் தொழிலாளிக்குக் கிடைக்கும் பாதுகாப்பு சில வாரங்களுக்குத்தான். சோறு இருக்கும்வரை இடம் காலியாக இருக்காது. பழைய நாய்கள் போன இடத்துக்குப் பக்கத்து ஊரிலிருந்து புது நாய்கள் வரும். அவற்றுக்கு ஊசி போட்டதா இல்லையா என்பதே தெரியாது. எல்லை பிடிக்கும் சண்டையில் அவை இன்னும் மூர்க்கமாக இருக்கும். சென்னை மாநகராட்சி பல பத்தாண்டுகள் நாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டே இருந்தது. நாய்கள் குறையவில்லை. 1964 முதலே கருத்தடைதான் வழி என்று புளூ கிராஸ் என்னும் விலங்கு நல அமைப்பு சொல்லிவந்தது. 1996இல்தான் மாநகராட்சி அந்த வழிக்குத் திரும்பியது. அந்தத் திட்டம் இன்றும் குறையோடுதான் நடக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். குறை கருத்தடையில் இல்லை. அரைகுறையாகச் செய்வதில் இருக்கிறது. ஒரு பகுதியில் பத்து நாய்களில் மூன்றுக்கு மட்டும் அறுவை செய்துவிட்டுக் கணக்கு எழுதினால் மீதி ஏழும் அடுத்த ஆண்டே அந்த இடத்தை நிரப்பிவிடும்.

தடுப்பூசியின் கணக்கு இன்னும் தெளிவானது. ஒரு வட்டாரத்து நாய்களில் எழுபது சதவீதத்துக்கு ஆண்டுதோறும் ஊசி போட்டால் வெறிநோயின் சங்கிலி அறுந்துவிடும் என்பது உலகச் சுகாதார நிறுவனம் ஏற்ற அளவு. கோவா அதைச் செய்து காட்டியது. தெருத்தெருவாக வலையோடு போய் ஊசி போட்டு, 2021இல் வெறிநோய் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி என்று அறிவித்தபோது அங்கே மூன்று ஆண்டுகளாக ஒரு மனித மரணமும் பதிவாகியிருக்கவில்லை. ஊசி போட்ட நாய் உங்கள் வாசலிலேயே இருப்பது உங்களுக்கு லாபம். ஊசி போட்ட நாயை வண்டியில் ஏற்றி வெளியேற்றினால், நீங்களே காசு கொடுத்துக் கட்டிய வேலியை நீங்களே பிடுங்கி எறிந்த கதைதான்.

"உச்ச நீதிமன்றமே அப்புறப்படுத்தச் சொல்லிவிட்டதே" என்று உங்கள் சட்ட ஆலோசகர் சொல்லக்கூடும். ஆணைகளைச் சரியாகப் படிக்கச் சொல்லுங்கள். தில்லி வட்டாரத் தெருநாய்கள் அனைத்தையும் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது 2025 ஆகஸ்ட் 11ஆம் தேதி ஆணை. அதை அதே மாதம் 22ஆம் தேதி மூன்று நீதிபதிகள் அமர்வு திருத்தியது: கருத்தடையும் ஊசியும் முடித்துப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும், வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் மட்டும் விலக்கு. நவம்பர் 7ஆம் தேதி ஆணை பள்ளி, மருத்துவமனை, விளையாட்டு வளாகம், பேருந்து நிலையம், ரயில் நிலையம் ஆகியவற்றிலிருந்து நாய்களை அகற்றிக் காப்பகத்துக்குக் கொண்டுபோகச் சொன்னது. இந்த மூன்றில் எதிலும் காடு என்ற சொல் தீர்வாக வரவில்லை. 2023இன் விலங்கு கருத்தடை விதிகளும் பிடித்த இடத்திலேயே திரும்ப விடச் சொல்கின்றன. பட்டினியாலும் தாகத்தாலும் துன்புறும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடைச் சட்டப்படி குற்றம். இரவில் ஒப்பந்தக்காரர் வண்டியில் ஏற்றிப் போனாலும், அந்த வேலையைக் கொடுத்தது யார் என்ற கேள்வி உங்களிடம்தான் வந்து நிற்கும்.

இன்னொரு மறுப்பு மிச்சமிருக்கிறது: "இது ஊராட்சியின் வேலை, எங்கள் வேலையா?" கருத்தடை நடத்த வேண்டிய சட்டப் பொறுப்பு உள்ளாட்சியுடையதே. அதில் ஐயமில்லை. ஆனால் ஒரு கிராம ஊராட்சியின் நிலையை நினைத்துப் பாருங்கள். தெருவிளக்கும் குடிநீரும் போக மீதமுள்ள பணத்தில் நாய் பிடிக்கும் வண்டி, அறுவைக்கூடம், பயிற்சி பெற்ற கால்நடை மருத்துவர், அறுவைக்குப் பின் நாலைந்து நாள் வைத்துப் பார்க்கும் கூண்டு என்று அது எங்கே போகும்? அந்த நாய்களை வளர்த்துவிட்டது யாருடைய சோறு என்பதையும் சேர்த்து நினையுங்கள். மூன்று ஷிப்டுக்குச் சமைக்கும் கேன்டீனின் மிச்சம் எங்கே போகிறது என்று இன்றைக்கே உங்கள் கேன்டீன் ஒப்பந்தக்காரரைக் கேளுங்கள். நாளொன்றுக்கு நூறு கிலோவுக்கு மேல் கழிவு உண்டாக்குவோர் மக்கும் கழிவை இயன்றவரை தம் வளாகத்திலேயே கையாள வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு திடக்கழிவு விதிகளிலேயே சொல்லியாயிற்று. கேட்டுக்கு வெளியே முள்வேலி ஓரம் கொட்டப்படும் அந்தச் சோறும், தொழிற்பேட்டைச் சாலையோரக் கோழிக்கடைகளின் கழிவும்தான் உங்கள் நாய்ப் படையின் ரேஷன். பணத்துக்கும் வழி இருக்கிறது. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தின் ஏழாம் அட்டவணை, சமூகப் பொறுப்புச் செலவு செய்யத்தக்கவற்றில் விலங்கு நலத்தையும் உயிரினப் பாதுகாப்பையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. நிகர லாபம் ஐந்து கோடியைத் தொட்ட நிறுவனம் மூன்றாண்டு சராசரி லாபத்தில் இரண்டு சதவீதம் செலவிட்டே ஆக வேண்டும். நோட்டுப் புத்தகமும் தையல் இயந்திரமும் கொடுத்துப் புகைப்படம் எடுத்துக்கொள்வதை நான் குறை சொல்லவில்லை. அந்தப் பணத்தில் ஒரு பங்கு உங்கள் சொந்தத் தொழிலாளியின் கெண்டைக்காலைக் காப்பாற்றட்டும் என்கிறேன்.

ஆகவே நான் கேட்பவை இவை. ஒவ்வொரு தொழிற்பேட்டையிலும் உற்பத்தியாளர் சங்கம் முன்னின்று, ஊராட்சி ஒன்றியத்தோடும் கால்நடை பராமரிப்புத் துறையோடும் சேர்ந்து, விலங்கு நல வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற அமைப்பைக் கொண்டு ஒரு கருத்தடை மையம் நடத்துங்கள். ஆலைக்கு ஆலை தனித்தனியாகச் செய்தால் பலன் இல்லை. பேட்டை முழுதும், சுற்றியுள்ள ஊர்களும் சேர்ந்து, பெட்டைகளில் பெரும்பகுதி முடியும்வரை நிறுத்தாமல் செய்ய வேண்டும். மார்கழி நாய் என்று ஊரில் சொல்வது உங்களுக்குத் தெரியும். அந்தக் காலம் நெருங்குமுன், ஆடி ஆவணியிலேயே வேலை தொடங்க வேண்டும். ஊசி ஆண்டுக்கு ஒருமுறை, எழுபது சதவீதத்துக்குக் குறையாமல். அறுவை முடிந்த நாயின் காதில் அடையாள வெட்டு இருக்கும். அதை உங்கள் செக்யூரிட்டி ஊழியர்களுக்குக் காட்டிக் கொடுங்கள், வெட்டு இல்லாத புது நாய் வந்தால் அவர்கள் தகவல் சொல்லட்டும். கேன்டீன் மிச்சத்தை மூடிய தொட்டியில் வைத்து வளாகத்துக்குள்ளேயே உரமாகவோ எரிவாயுவாகவோ ஆக்குங்கள். நாய்மேல் அன்பு கொண்ட உங்கள் காவலர்களைத் திட்ட வேண்டாம். நடைபாதைக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் விலகிய ஓரிடத்தைக் குறித்துக் கொடுத்து, குறித்த நேரத்தில் அங்கே மட்டும், கருத்தடை ஆன நாய்க்கு மட்டும் சோறு வைக்கச் சொல்லுங்கள். உண்மையில் நாயைப் பிடிக்க வருகிறவர்களுக்கு அவர்களின் உதவிதான் முதலில் வேண்டும், அந்த நாய் அவர்களிடம்தான் வரும்.

கடிபட்ட தொழிலாளிக்கு, அவர் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தாலும், காயத்தைச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் குழாய்த் தண்ணீரில் கழுவ வைத்து, உடனே அரசு மருத்துவமனைக்கு அனுப்பி, எல்லாத் தவணை ஊசியும் முடியும்வரை அந்த நாள்களுக்குச் சம்பளம் பிடிக்காமல் விடுப்புக் கொடுங்கள். ஊசி இலவசமாகக் கிடைக்கிறது. போய்வரும் நாள்தான் அவருக்குச் செலவு.

கடைசியாக, உங்கள் பராமரிப்பு ஒப்பந்தத்திலும் செக்யூரிட்டி ஒப்பந்தத்திலும் ஒரே ஒரு வரியைச் சேர்த்துத் தாருங்கள்: வளாகத்திலிருந்தோ வாசலிலிருந்தோ எந்த நாயையும் காட்டிலோ ஏரிக்கரையிலோ வேற்றூரிலோ கொண்டுபோய் விடக்கூடாது, விட்டால் ஒப்பந்தம் ரத்து. அடுத்த புதுப்பிப்பு வரை காத்திராமல் இந்த மாதமே அதைச் சேர்க்கும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
திருப்பாச்சூர்வாசி ஒருவர்